வசந்தமும் தெருக்குப்பையும்

நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களுமாக அனுப்பிவைத்த கவிதைத் தொகுப்புகள் ஒரு கட்டு சில மாதங்களாக என் மேஜைமேல் கிடந்தன. சமீபத்தில் வரிசையாகப் படித்து முடித்தேன். ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படிப்பது என் பழக்கம். பகல் முழுவதும் வவுச்சர்களுக்கு டிக் அடிக்கிற கை அது. இம்முறை ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கோடு போட்டேன். வசந்தம். இரண்டு தொகுப்புகள் முடிவதற்குள்ளாகவே கை ஓய்ந்துவிட்டது. வசந்தம் வருகிறது, போகிறது, வாசலில் நின்று ஏமாற்றுகிறது, காதலியின் சிரிப்பில் ஒளிந்துகொள்கிறது, ஒரு ரத்தப் புரட்சிக்குப் பின் கட்டாயம் வந்தே தீருகிறது. எங்கே வருகிறது, எந்த மாதத்தில், எந்த மரத்தின்மேல், காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தபோது என்ற விவரம் மட்டும் ஒரு கவிதையிலும் கிடையாது. பணமில்லாத கணக்கின்மேல் எழுதின காசோலையைக் கவுன்டரில் நீட்டினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கவிதையில் அப்படித் திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் போனதால் இந்தக் காசோலை கைமாறிக்கொண்டே இருக்கிறது.

1959இல் 'எழுத்து' தொடங்கியபோது அதில் எழுதியவர்கள் யாப்பை உதறினார்கள் என்றால், யாப்போடு ஒட்டிக்கொண்டிருந்த பழைய சரக்குகளையும் உதறுவதற்காகத்தான். எதுகை மோனையை மட்டும் கழற்றிவிட்டுச் சரக்கை அப்படியே வைத்துக்கொள்வதற்குப் புதுக்கவிதை என்று ஒரு பெயர் எதற்கு?

நான் நங்கநல்லூரில் குடியிருக்கிறேன். காலையில் வீட்டிலிருந்து பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷ நடை. மாசியும் பங்குனியும் வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு மோசமான மாதங்கள். மார்ச் 31 கணக்கு முடிப்பு கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே கவிதை எழுதுகிற மனநிலையில் நான் அந்தத் தெருக்களில் நடப்பதில்லை. தலை குனிந்து நடக்கிறேன். அப்படி நடக்கிறவன் காலில் முதலில் மிதிபடுவது சருகு.

புங்க மரத்துச் சருகு. வருஷம் பூராவும் பளபளவென்று நிற்கிற மரம் அது. மாசியில் இலைகள் பழுக்கின்றன. பூச்சி குடைந்து வெள்ளைக் கோலம் போட்ட கிழட்டு இலைகள் மஞ்சளாகி, காற்றே இல்லாமல்கூட விழுகின்றன. நாலைந்து நாள் மரம் நோயாளி மாதிரி நிற்கிறது. அந்த வாரம் முடிவதற்குள் கிளை நுனியெல்லாம் ஓர் இளம்பச்சை கசிகிறது. அந்தப் பச்சைக்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறதா என்று நான் தேடியதுண்டு; வாழைக்குருத்து நிறம் என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக வரும். காலை வெயில் அதன் ஊடே விழும்போது இலைக்குள் எண்ணெய் தடவியது போலிருக்கிறது. அடுத்த வாரம் அது சாதாரணப் பச்சையாகிவிடுகிறது. பார்க்காதவன் பார்க்காதவன்தான்; ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வேம்பு கொஞ்சம் பின்தங்கி வருகிறது. அதன் தளிர் பச்சையே இல்லை, செம்பு. அரசும் அப்படித்தான். அரசந்தளிர் தொங்குகிற தினுசைப் பார்த்தால் இன்னும் உயிர் வராத ஏதோ ஒன்றைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். வாதுமை மரம்தான் இந்தத் தெருக்களில் சிவந்து உதிர்க்கிற ஒரே மரம். நம்மூரில் ஐரோப்பிய இலையுதிர் காலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதனடியில் போய் நின்றுகொள்ளலாம். ஆனால் தையிலோ மாசியிலோ போய் நிற்க வேண்டும். காலண்டரில் அக்டோபர் என்று போட்டிருக்கிறதே என்று போனால் குடை எடுத்துப்போக வேண்டியிருக்கும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் தெருவில் இலையுதிர்வும் தளிர்ப்பும் ஒரே வாரத்தில், ஒரே மரத்தில் நடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பனிக்காலம் கிடையாது. சென்னையில் மார்கழி விடியலில்கூட வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. எதுவும் உறைவதில்லை, எதுவும் சாவதில்லை, ஆகவே எதுவும் உயிர்த்தெழ வேண்டியதுமில்லை. இலையுதிர் காலம் ஒன்று, அப்புறம் நீண்ட இருட்டு, அதன் முடிவில் வசந்தம் என்ற மூன்று அங்க நாடகம் குளிர்நாட்டுச் சொத்து. அங்கே அது நிஜம், அனுபவம். நம் கவிஞர் அந்த நாடகத்தின் மூன்றாம் அங்கத்தை மட்டும் வாங்கி வந்து மேடையேற்றுகிறார். முதல் இரண்டு அங்கங்கள் நடக்காத ஊரில் மூன்றாவதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? நமக்குக் கிடைத்திருப்பது வேறு ஒரு நாடகம்: உதிர்வதும் துளிர்ப்பதும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளுகிற, துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் நடுவே இடைவேளை விடாத ஒன்று. அதை எழுதியிருந்தால் உலகத்தில் வேறெந்த மொழியிலும் அவ்வளவு எளிதில் கிடைக்காத ஒரு படிமம் நம்மிடம் இருந்திருக்கும்.

மரங்களோடு நிற்பதும் போதாது. மாசி பிறந்ததும் தள்ளுவண்டியில் மாவடு வருகிறது. ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு கிழவி படி போட்டு விற்கிறாள். "இன்னும் பதினஞ்சு நாளுதான் தம்பி, அப்புறம் கொட்டை முத்திடும்" என்றாள் ஒருநாள். ஒரு பருவத்தின் ஆயுளைப் பற்றி இதைவிடத் துல்லியமான வாக்கியத்தை அந்தக் கட்டுத் தொகுப்புகளில் நான் பார்க்கவில்லை. புதுப்புளி வந்துவிடுகிறது, வாசற்படியில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார்கள். மொட்டை மாடிகளில் வடாம் காய்கிறது, அதற்குக் காவலாக ஒரு கறுப்புக் குடை. நடைபாதையில் ஓலையோ தார்ப்பாயோ போட்டுத் தர்பூசணிக் கடைகள் முளைக்கின்றன. மாலையில் காற்று திசை மாறியிருப்பது சட்டைக் காலரில் தெரிகிறது; மார்கழி முழுக்க வடகிழக்கிலிருந்து வந்தது இப்போது தெற்கும் கிழக்குமாகக் கடலை நனைத்துக்கொண்டு வருகிறது. பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் விடியற்காலையில் மாடியில் நடந்துகொண்டே உருப்போடுகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பருவம் தெரிந்திருக்கிறது. கவிஞருக்கு மட்டும் ஒரு சொல் தெரிந்திருக்கிறது.

குயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அநேகமாக வாய் திறக்காமல் இருக்கிற பறவை மாசியில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. படிப்படியாக ஏறுகிற அந்தக் கூவல் ஆண் குயிலுடையது. கறுப்பு உடம்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தது. அதன் குரல் 'கிக் கிக்' என்று கிட்டத்தட்ட ஒரு சண்டைக்குரல். நம் கவிதையில் காலங்காலமாகப் பாடிவருவது பெண்தான். பாரதியின் 'குயில் பாட்டி'லும் அதுவே. ஐங்குறுநூற்றிலும் பெடைதான் இனிய குரலில் அகவுகிறது. ஆகவே இந்த ஒரு குற்றத்துக்காக நான் இன்றைய கவிஞர்களைத் தூக்கிலிடப் போவதில்லை. ஆனால் பாரதியின் குயிலுக்கு ஒரு மாஞ்சோலை இருந்தது, அது ஊருக்கு எந்தப் பக்கம் என்றுகூட அவர் சொல்லியிருக்கிறார். நம்மவர்களின் குயில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அது கூவும்போது பக்கத்து மின்கம்பத்தில் காக்கை கம்பித் துண்டும் சுள்ளியுமாகக் கூடு கட்டிக்கொண்டிருப்பதை எவராவது எழுதினார்களா? வசந்தத்தின் குரல் என்று நாம் உருகுகிற அந்தச் சத்தம், இன்னொருவர் வீட்டில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகத் திட்டமிடுகிற ஒரு குடும்பத்தின் குரல். காக்கைக்கு இது தெரிந்திருக்கிறது, துரத்துகிறது. இதில் ஒரு கவிதை இல்லையென்றால் வேறெதில் இருக்கிறது?

இந்த 'வசந்தம்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மூன்று கடைகள் தெரிகின்றன. முதல் கடை சம்ஸ்கிருதம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காளிதாசன் 'ருதுசம்ஹார'த்தைக் கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடித்தான். அவனுடைய பூமிக்கு அந்த வரிசை பொருந்திற்று. இரண்டாவது கடை என்னைப் போன்றவர்கள் பி.ஏ. ஆங்கிலம் படித்த வகுப்பறை. டாஃபடில் பூவைக் கண்ணால் பார்க்காத ஓர் ஆசிரியர், பார்க்காத நாற்பது பேருக்கு அதை விளக்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவிதை நமக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது வேறு. 1802 ஏப்ரல் 15 அன்று வேர்ட்ஸ்வர்த்தும் தங்கை டோரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்து போனார்கள். அன்றைய தேதியிட்டு டோரதி தன் நாட்குறிப்பில் அந்தப் பூக்களையும் காற்றையும் ஒவ்வொன்றாக எழுதிவைத்தாள். அண்ணனின் கவிதை அச்சில் வந்தது 1807இல். முதலில் நடை, அப்புறம் குறிப்பு, அப்புறம்தான் கவிதை. நாம் நடையையும் குறிப்பையும் விட்டுவிட்டுக் கவிதையை மனப்பாடம் செய்தோம். எலியட் விஷயமும் இதுதான். 1922இல் அவர் ஏப்ரலைப் பழிக்க முடிந்ததென்றால், சாஸர் காலத்திலிருந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஏப்ரலைப் புகழ்ந்து வந்த ஒரு மரபு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இங்கே ஒருவர் ஏப்ரலைப் பழித்தால், ஆமாம், மின்சாரமும் இல்லை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது கடை அரசியல். நக்ஸல்பாரி எழுச்சியைப் பீகிங்கின் 'மக்கள் தினசரி' 1967 ஜூலை 5 அன்று வசந்தத்தின் இடிமுழக்கமாக வர்ணித்தது. அந்தச் சொற்சேர்க்கை இங்கே இறங்கிப் பத்து வருஷத்துக்குக் குறையாமல் நம் கவிதைகளில் இடித்துக்கொண்டிருந்தது. இன்னும் சில வீடுகளில் இடிக்கிறது. சீனப் பஞ்சாங்கத்தில் மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் உண்டு. முதல் இடியில் மண்ணுக்குள் தூங்கும் பூச்சிகள் விழிக்கிற நாள் என்று அதற்குப் பெயர். அங்கே விவசாயி காதால் கேட்ட இடி அது. சென்னையில் பிப்ரவரி, மார்ச் இரண்டும் வருஷத்திலேயே மிக வறண்ட மாதங்கள். நமக்கு இடி என்றால் சித்திரைக் கோடைமழை, இல்லாவிட்டால் ஐப்பசி. ஜனங்களுக்காக எழுதுகிறோம் என்கிறவர்கள், அந்த ஜனங்களில் ஒருவர்கூடக் கேட்டிராத இடியை அவர்கள் தலைமேல் இறக்குகிறார்கள். நான் இதை அரசியலுக்கு எதிராகச் சொல்லவில்லை. ஐப்பசி இடி என்று எழுதியிருந்தால் ஒருவேளை ஜனங்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவும் சொன்னால், ஓகோ, சங்கத்துக்குத் திரும்பச் சொல்கிறான் இவன், மேடைத் தமிழர்களோடு சேர்ந்துவிட்டான் என்று முணுமுணுப்பு எழும். மேடைத் தமிழர்கள் சங்கத்தைப் படிப்பதில்லை, ஏந்துகிறார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். தொல்காப்பியம் வேனிலை எந்தத் திணையில் வைத்தது? பாலையில். பொழுது நண்பகல். மாசியும் பங்குனியும் இலக்கணப்படி பின்பனி. அதுவும் பாலைக்குத்தான் உரியது. அதாவது நம்முடைய மரபில் தளிர்க்கிற பருவம் கூடலின் பருவமே அல்ல, பிரிவின் பருவம். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் இளவேனிற் பத்து என்று ஒன்றிருக்கிறது. பத்துப் பாட்டிலும் குறை ஒன்றே: பருவம் சொன்னபடி வந்துவிட்டது, ஆள் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் அந்தப் பருவத்துக்குச் சாட்சி மாறுகிறது. ஒன்றில் குயில், ஒன்றில் பாதிரி, ஒன்றில் பொரி மாதிரிப் பூக்கிற புன்கு, கடைசியில் வேப்பம்பூ. அந்தப் புன்குதான் என் தெருவில் இருக்கிற புங்கம். அந்த வேம்பின் பூவைத்தான் பங்குனியில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துச் சேர்த்து ரசத்துக்கு எடுத்துவைக்கிறார்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குறுந்தொகை 66இல் தலைவன் திரும்புவதாகச் சொன்ன கார்காலத்துக்கு அடையாளமாகக் கொன்றை பூத்துவிடுகிறது. தோழி அந்தச் சாட்சியத்தையே மறுக்கிறாள்: பருவம் வரவில்லை, ஏதோ அகாலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பி இந்த மரம்தான் ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். அவளும் கேட்பவளும் இருவருமே மரத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள்; இல்லாவிட்டால் அந்தப் பொய்க்கு அத்தனை வலி கிடையாது. பூ அங்கே அலங்காரம் இல்லை, வழக்கில் சாட்சி. இன்னும் ஒன்று: அந்தக் கொன்றை மழையில் பூத்தது, நம் தெருச் சரக்கொன்றை சித்திரை வெயிலில் பூக்கிறது. இந்த முரணைப் பற்றி நம் விமர்சகர்களில் எத்தனை பேர் நின்று யோசித்தார்கள்? கொன்றை என்று கண்டால் முல்லைத்திணை என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறோம்.

இதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்ட சில்லறைத் தகராறு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சமாசாரம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் வாசலில் இரண்டு புங்க மரங்கள் இருந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் அந்த வட்டாரத்தில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தபோதும் இவை நின்றன. போன வருஷம் மாசியில் வெட்டப்பட்டன. குடியிருப்போர் கூடித் தீர்மானம் போட்டார்கள், காரணம் குப்பை. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் கவிஞர், என் நண்பர், இந்தப் பக்கங்களைப் படிப்பவர். கேட்டேன். "என்ன சார் பண்றது, ரெண்டு மாசம் பெருக்கி மாளலை. கார் மேலெல்லாம் கொட்டுது" என்றார். அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. நல்ல மனிதர், என் மகள் படிப்புக்குக் கேட்காமலே உதவியவர். அதே மாதம் ஒரு சிற்றிதழில் வந்த அவருடைய கவிதையில் வசந்தம் மூன்று தடவை வருகிறது, மூன்றாவது தடவை ஆச்சரியக்குறியுடன். வாசலில் வந்து நின்றது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கற்றுவைத்திருந்த வசந்தத்தில் சருகு கிடையாது. ஆகவே சருகு குப்பையாயிற்று, குப்பை போடுகிற மரம் வெட்டப்பட்டது. சொல் பொய்யானால் கவிதை மட்டும் கெடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நண்பர் ஒருவர் கடிதத்திலேயே எழுதிவிட்டார்: வசந்தம் ஒரு குறியீடு, அதற்குத் தாவரவியல் சான்றிதழ் கேட்பது குமாஸ்தாத்தனம். குமாஸ்தாத்தனம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், சம்பளம் அதற்குத்தான் கிடைக்கிறது. ஆனால் குறியீடு என்றால் என்ன? கண்ட ஒன்று காணாத ஒன்றைச் சுட்டுவது. இங்கே கண்டது எது? காணாத ஒன்று இன்னொரு காணாத ஒன்றைச் சுட்டினால் அதற்குக் குறியீடு என்று பெயரில்லை. படிமம் பற்றி இத்தனை வருஷம் கட்டுரை எழுதிய நாம், படிமத்துக்கு ஒரு கண் வேண்டும் என்கிற ஆரம்பப் பாடத்தை விட்டுவிட்டோம்.

குமாஸ்தாத்தனம் என்றதும் எனக்கு ராபர்ட் மார்ஷம் ஞாபகம் வருகிறார். இங்கிலாந்தில் நார்ஃபக்கில் நிலச்சுவான்தாராக இருந்தவர். 1736இல் தன் எஸ்டேட்டில் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதியிட்டுக் குறித்துவைக்க ஆரம்பித்தார்: எந்த நாளில் எந்த மரம் துளிர்த்தது, தவளை எப்போது கத்திற்று, எங்கள் காலத்தில் பாடப்புத்தகத்தில் இருந்த அந்தக் குக்கூப் பறவை எந்தத் தேதியில் முதலில் கேட்டது. மொத்தம் இருபத்தேழு அறிகுறிகள். அவருக்குப் பின் அவர் வம்சத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். பூமி சூடாகிவருவதை ஆராய்கிறவர்கள் இன்று அந்தக் குறிப்பேடுகளைத் தேடிப் போகிறார்கள். அவற்றில் கவிதை கிடையாது. ஆனால் அந்த ஊரில் ஒரு கவிஞன் வசந்தம் முன்போல் இல்லை என்று எழுதினால், அவன் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்த்துவிட முடியும். நம்மிடையே ஒருவர் அப்படி எழுதினால் எதோடு ஒத்துப்பார்ப்பது? தன் தெரு வேம்பு போன வருஷம் எந்த வாரத்தில் பூத்தது என்று சொல்லக்கூடிய கவிஞர்கள் கையைத் தூக்கட்டும்.

இந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன்; அவர் சிரித்தார், மறுக்கவில்லை. இனி 'வசந்தம்' என்ற சொல்லோடு வருகிற கவிதைகளை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டு, எந்தத் தெரு, எந்தத் தேதி, எந்த மரம் என்று ஒரு கார்டில் கேட்டு எழுதுவது. பதில் வந்தால் கவிதையைப் போடலாம். கவிதை சரியில்லை என்றால் அந்தப் பதிலையாவது போடலாம்.